மனிதரை ஈடு வைத்த வியாபாரம்: அமெரிக்க உள்நாட்டு அடிமைச் சந்தையின் கணக்கு வழக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்க அடிமைமுறை என்றதும் பருத்திக்காடும் சாட்டையும்தான் நம் நினைவுக்கு வரும். புரோநோட்டும் தவணையும் வட்டியும் அவ்வளவாகப் பேச்சில் வருவதில்லை. ஆனால் அந்த முறையை அறுபது எழுபது ஆண்டுகள் தூக்கி நிறுத்தியது கடன்தான். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

1808-இலேயே அடிமை வியாபாரம் தடை செய்யப்பட்டதே, அப்புறம் என்ன வியாபாரம்?

தடை செய்தது கடல் கடந்து ஆட்களைக் கொண்டுவருவதை மட்டும்தான். 1807-இல் இயற்றிய சட்டம் 1808 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்தவர்களை வாங்குவதையும் விற்பதையும் அது தொடவே இல்லை. வெளியிலிருந்து வரத்து நின்றதும் உள்ளே இருந்தவர்களின் விலை ஏறியது, அவ்வளவுதான்.

வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் புகையிலை போட்டுப் போட்டு மண் சலித்துப் போயிருந்தது. கோதுமைக்கு மாறிய பண்ணைகளுக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. அதே காலத்தில் தெற்கே நிலைமை நேர்மாறாக இருந்தது. 1793-இல் ஈலை விட்னி உருவாக்கிய ஜின்னிங் எந்திரம், பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் வேலையைச் சுலபமாக்கிவிட்டது. அலபாமா, மிசிசிப்பி, லூசியானாவில் பூர்வகுடிகளை விரட்டிப் பிடித்த நிலமெல்லாம் பருத்திக்கு மாறியது. அங்கே ஆள் கிடைக்கவில்லை. இறக்குமதித் தடையை வர்ஜீனியாப் பண்ணையார்கள் ஆதரித்ததில் அறம் எவ்வளவு, ஆதாயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

எத்தனை பேர் இப்படி இடம் மாற்றப்பட்டார்கள்?

1790-க்கும் 1860-க்கும் இடையில் சுமார் 10 லட்சம் பேர். சிலர் இடம்பெயர்ந்த பண்ணையார்களோடு போனவர்கள். பெரும்பாலோர் விற்கப்பட்டவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாக வட அமெரிக்காவில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு வியாபாரி உண்மையில் என்ன செய்தான்? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

ஐசக் ஃபிராங்க்ளினும் ஜான் ஆர்ம்ஃபீல்டும் 1828-இல் தொடங்கிய கூட்டு நிறுவனம்தான் இதற்குச் சரியான உதாரணம். வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் அலெக்சாண்ட்ரியா ஊரில், டியூக் தெருவில் ஒரு வீடு. முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் மதில் சூழ்ந்த கொட்டடி. ஆர்ம்ஃபீல்டு அங்கே உட்கார்ந்து, ரொக்கம் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆட்களை வாங்கினார். ஃபிராங்க்ளின் நியூ ஆர்லியன்ஸிலும் மிசிசிப்பியின் நாச்செஸ் ஊரிலும் இருந்து விற்றார். பின்னர் ரிச்மண்டில் ரைஸ் பல்லார்டு என்பவரும் பங்காளியாகச் சேர்ந்தார். உச்சத்தில் இவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் அதிகமானோரைத் தெற்கே அனுப்பினார்கள்.

இவர்களிடம் சொந்தக் கப்பல்களே இருந்தன. ஒன்றின் பெயர் டிரிப்யூன், இன்னொன்று அன்கஸ், மூன்றாவதற்கு முதலாளியின் பெயரையே வைத்து ஐசக் ஃபிராங்க்ளின். குறித்த தேதியில் கப்பல் கிளம்பும் என்று விளம்பரம் செய்து, இடம் மிச்சம் இருந்தால் மற்ற வியாபாரிகளின் ஆட்களையும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றினார்கள். திரும்பி வரும்போது வேறு சரக்கு. கோடையில் தரைவழி. 1834-இல் வர்ஜீனியாவின் நியூ ஆற்றங்கரையில் ஆர்ம்ஃபீல்டின் கூட்டம் ஒன்றை ஃபெதர்ஸ்டன்ஹா என்ற ஆங்கிலேய நிலவியலாளர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்: சுமார் 300 பேர், ஒன்பது வண்டிகள், அதில் 200 ஆண்கள் இருவர் இருவராக ஒரே சங்கிலியில்.

வருமானம் முதலில் விலை வித்தியாசத்திலிருந்து வந்தது. வர்ஜீனியாவில் வாங்கிய விலைக்கும் தெற்கே விற்ற விலைக்கும் இடையில், சாப்பாடு, துணி, வழிச்செலவு, நோய் நொடி இழப்பு எல்லாம் போக நல்ல தொகை நின்றது. 1833-இல் காலரா வந்தபோது ஃபிராங்க்ளின் இறந்தவர்களை ஊருக்குத் தெரியாமல் புதைத்தார். நோய் இருப்பது தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடுமே! விஷயம் வெளியே வந்ததும் நாச்செஸ் நகரம் வியாபாரிகளை எல்லைக்கு வெளியே போகச் சொன்னது. ஊருக்கு வெளியே ஒரு சாலைச் சந்திப்பில் கடை விரித்தார்கள். வியாபாரம் அதன்பின்னும் பல ஆண்டுகள் அங்கேயே நடந்தது.

வடக்கே ரொக்கம் கொடுத்து வாங்கி, தெற்கே கடனுக்கு விற்றால் பணம் எப்படிச் சுழலும்?

இதுதான் இந்தத் தொழிலின் முடிச்சு. தெற்கே பருத்திப் பண்ணையாரிடம் கையில் காசு இருக்காது. அறுவடை முடிந்து பஞ்சு இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குக் கப்பல் ஏறிய பிறகுதான் பணம் வரும். அதனால் ஆறு மாதம், ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடத் தவணையில் புரோநோட்டு எழுதிக் கொடுத்து ஆளை ஓட்டிப் போவார். வடக்கே ஆர்ம்ஃபீல்டுக்கோ நாளைக்கே ரொக்கம் வேண்டும்.

இடைவெளியை நிரப்பியது வங்கி. ஃபிராங்க்ளின் அந்த நோட்டுகளை வங்கியில் கொடுத்து, தள்ளுபடி போகக் கிடைத்த தொகையை நியூயார்க், ஃபிலடெல்ஃபியாவில் மாற்றத்தக்க உண்டியலாக வடக்கே அனுப்பினார். நம் செட்டியார்கள் ஊர் விட்டு ஊர் பணம் அனுப்பிய அதே உண்டியல்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டுகளை வாங்கிக்கொண்டவற்றில் அன்றைய மத்திய வங்கியான அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இரண்டாம் வங்கியும் ஒன்று. நாச்செஸிலும் நியூ ஆர்லியன்ஸிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. தேசத்தின் மைய வங்கிக்கும் டியூக் தெருக் கொட்டடிக்கும் இடையே இருந்த தூரம் ஒரு கையெழுத்து மட்டுமே.

விலையை எப்படி நிர்ணயித்தார்கள்?

பருத்தி விலையைப் பார்த்து. தெற்கே ஒரு வாய்ப்பாடு புழக்கத்தில் இருந்தது: பவுண்டு பருத்தி எத்தனை சென்ட் விற்கிறதோ, திடமான ஓர் ஆளின் விலை அத்தனை நூறு டாலர். பருத்தி 12 சென்ட் என்றால் ஆள் 1,200 டாலர். நியூ ஆர்லியன்ஸில் வாட்டசாட்டமான இளைஞனின் விலை 1800 வாக்கில் சுமார் 500 டாலராக இருந்து, 1837-இல் 1,200-ஐத் தாண்டியது. 1840-களின் தொடக்கத்தில் 700 வாக்கில் விழுந்து, 1860-இல் 1,800 வரை ஏறியது. கடைசிக் கட்டத்தில் பருத்தி 11 சென்ட் அளவில்தான் இருந்தது. வாய்ப்பாட்டை மீறி விலை ஓடியது என்றால், இன்னும் ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்கினார்கள் என்று அர்த்தம். இந்தச் சந்தை தானாகச் செத்துக்கொண்டிருந்தது என்று சொல்பவர்கள் இந்த ஒரு எண்ணைக் கவனிப்பதில்லை.

ரிச்மண்டின் தரகு நிறுவனங்கள் விலைப்பட்டியல் அச்சடித்தே வைத்திருந்தன. பெட்ஸ் அண்ட் கிரகரி என்ற நிறுவனத்தின் 1860-ஆம் ஆண்டுப் படிவம் இன்றும் இருக்கிறது. உயர்தர ஆண்கள், முதல்தர ஆண்கள், இரண்டாந்தரம் என்று வரிசையாக அச்சிட்டு, எதிரே விலை எழுத இடம் விட்டிருக்கிறார்கள். வாராவாரம் பேனாவால் நிரப்பி வாடிக்கையாளருக்குத் தபாலில் போடுவார்கள். குழந்தைகளுக்கு வயது இல்லை, உயரம்தான் கணக்கு: நான்கடிச் சிறுவன், நான்கடி மூன்றங்குலச் சிறுவன் என்று மூன்று மூன்று அங்குலமாக விலை ஏறும்.

வாங்கியவருக்கு உத்தரவாதம் ஏதும் உண்டா?

உண்டு. "உடலும் மனமும் நலம், ஆயுள் முழுவதும் அடிமை" என்பது பத்திரங்களில் வழக்கமாக வரும் வாசகம். லூசியானாச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே. காக்காய்வலிப்பு, பைத்தியம் போன்ற உடற்குறைகளோடு, திருட்டுக் குணமும் ஓடிப்போகும் பழக்கமும் அங்கே 'சரக்கின் குறை'. நிரூபித்தால் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம். விடுதலைக்காக ஓடுவது சட்டத்தின் கண்ணில் உற்பத்திக் கோளாறு! இந்த வழக்குகளுக்காக மருத்துவர்கள் சாட்சி சொன்ன பக்கங்கள் நீதிமன்றப் பதிவுகளில் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

பத்து வயதோ அதற்குக் குறைவோ உள்ள பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது என்று அதே மாநிலம் 1829-இல் ஒரு சட்டமும் போட்டது. அது எந்த அளவுக்கு மதிக்கப்பட்டது என்பதற்கு அடுத்த பதிலில் வரும் எமிலி சாட்சி.

ஒரு மனிதரை ஈடு வைப்பது நடைமுறையில் எப்படி இருந்தது?

சாலமன் நார்த்தப்பின் கதை இதற்குப் போதும். நியூயார்க் மாநிலத்தின் சுதந்திரமான குடிமகன். 1841-இல் வாஷிங்டனில் கடத்தப்பட்டு, நியூ ஆர்லியன்ஸில் தியோஃபிலஸ் ஃப்ரீமன் என்ற வியாபாரியின் கையில் பிளாட் என்ற புதுப் பெயரோடு வந்து சேர்ந்தார். வில்லியம் ஃபோர்டு என்பவர் அவரை 1,000 டாலருக்கும், எலைசா என்ற பெண்ணை 700 டாலருக்கும் வாங்கினார். எலைசாவின் மகள் எமிலிக்கு ஏழெட்டு வயது. அவளையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஃபோர்டு கேட்டும் ஃப்ரீமன் மறுத்துவிட்டார். அழகான பெண், வளர்ந்தபின் பல மடங்கு விலை போவாள் என்பது அவர் கணக்கு. நிறம் வெளுத்த இளம்பெண்களைப் பாலியல் அடிமைத்தனத்துக்காக உயர்ந்த விலைக்கு விற்பது அந்தச் சந்தையில் வெளிப்படையாக நடந்த ஒரு தனிப் பிரிவு.

பிறகு ஃபோர்டுக்குப் பண நெருக்கடி. தச்சர் டிபீட்ஸுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்காக நார்த்தப்பை அவரிடமே விற்றார். ஆளின் விலை பாக்கியைவிட அதிகம். மீதி 400 டாலருக்கு நார்த்தப்பின் பேரிலேயே ஃபோர்டு ஈடு எழுதி வாங்கிக்கொண்டார். ஒரு சண்டைக்குப் பின் டிபீட்ஸ் நார்த்தப்பைத் தூக்கில் போட ஆட்களோடு வந்தபோது, தோட்டத்து மேற்பார்வையாளர் சேப்பின் குறுக்கே நின்றார். அவர் எடுத்து வைத்த வாதங்களில் ஒன்று இது: இவன் மேல் ஃபோர்டுக்கு 400 டாலர் ஈடு இருக்கிறது, இவனைக் கொன்றால் ஃபோர்டின் கடன் போய்விடும், அது தீரும்வரை இவன் உயிரை எடுக்க உனக்கு உரிமை இல்லை. நார்த்தப்பே பிற்பாடு விடுதலையாகி இதை எழுதி வைத்திருக்கிறார். கொலையைத் தடுக்க அங்கே கொலை தப்பு என்ற பேச்சு மட்டும் போதவில்லை.

நிலத்தைவிட ஆட்களைத்தான் கடன்காரர்கள் விரும்பி ஈடாக ஏற்றார்கள். நிலம் இருந்த இடத்தில் இருக்கும், வாங்க ஆள் தேட வேண்டும். மனிதரை நடத்திக் கூட்டிப்போய் எந்தச் சந்தையிலும் விற்றுவிடலாம். தாமஸ் ஜெஃபர்சன்கூட 1796-இல் மான்டிசெல்லோ மாளிகையைத் திருத்திக் கட்ட, தன் அடிமைகளை ஓர் ஆம்ஸ்டர்டாம் நிறுவனத்திடம் ஈடு வைத்துத்தான் கடன் வாங்கினார்.

ஐரோப்பியப் பணம் இதில் எப்படி நுழைந்தது?

லூசியானாப் பண்ணையார்கள் 1827-இல் தங்களுக்கென்றே ஒரு வங்கி தொடங்கினார்கள். பங்கு வாங்கப் பணம் கொண்டுவர வேண்டியதில்லை. நிலத்தையும் அடிமைகளையும் ஈடாக எழுதிக் கொடுத்தால் பங்கு, அதன் பேரில் கடன். இந்த ஈடுகளை மொத்தமாகத் திரட்டி வங்கி கடன்பத்திரம் வெளியிட்டது. 1828-இல் மாநில அரசு அதற்குப் பொறுப்பேற்றது. லண்டனின் பேரிங் சகோதரர்கள் நிறுவனம் அந்தப் பத்திரங்களை ஐரோப்பாவில் விற்றுக் கொடுத்தது. அதே பாணியில் வேறு வங்கிகளும் முளைத்தன.

பத்திரம் வாங்கிய லண்டன்காரர் எந்த அடிமையையும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. அவர் கையில் இருப்பது லூசியானா அரசின் முத்திரை போட்ட தாள். பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்க 1833-இல் சட்டம் இயற்றியது. இந்தத் தாள்களுக்கு வட்டி வாங்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி 2005-இல் தன் பழைய ஆவணங்களைத் தேடி வெளியிட்ட கணக்கு: பின்னாளில் தன்னோடு இணைந்த இரண்டு லூசியானா வங்கிகள் 1831 முதல் 1865 வரை சுமார் 13,000 பேரை ஈடாக ஏற்றிருந்தன. கடன் திரும்பாததால் சுமார் 1,250 பேர் வங்கிக்கே சொந்தமானார்கள். அமெரிக்க நகரங்கள் சில, தங்களோடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்கள் இப்படிப்பட்ட பழைய தொடர்புகளைச் சொல்லியாக வேண்டும் என்று விதி போட்டதால்தான் இது வெளியே வந்தது.

1837 நெருக்கடியில் என்ன ஆயிற்று?

பருத்தி விலை சரிந்தது. மே மாதம் நியூயார்க் வங்கிகள் தங்கள் காகிதப் பண நோட்டுக்குத் தங்க, வெள்ளி நாணயம் தருவதை நிறுத்தின. தெற்கே தவணை கட்ட யாரிடமும் பணம் இல்லை. ஜப்தி, ஏலம், விலை வீழ்ச்சி. ஒரு பண்ணையார் கடனில் மூழ்கினால் முதலில் ஏலத்துக்குப் போனது அவர் வீட்டு மேசை நாற்காலி அல்ல, அவரிடம் இருந்த குடும்பங்கள். சில பண்ணையார்கள் கடன்காரர் வருவதற்குள் அடிமைகளை இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு, அன்று தனி நாடாக இருந்த டெக்சஸுக்குக் கம்பி நீட்டினார்கள். கதவில் 'டெக்சஸ் போயாச்சு' என்பதன் முதலெழுத்துகளை மட்டும் கிறுக்கிவிட்டுப் போவார்களாம்.

மிசிசிப்பியில் இன்னொரு வேடிக்கை. விற்பனைக்காக வெளி மாநில அடிமைகளைக் கொண்டுவருவதை 1833 மே முதல் மாநில அரசியல் சாசனமே தடுத்திருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கடன் கட்ட முடியாமல் போனதும் வாங்கியவர்களுக்கு அந்தத் தடை திடீரென்று ஞாபகம் வந்தது: விற்பனையே சட்டவிரோதம், ஆகவே நோட்டும் செல்லாது என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விற்றவர்களுக்காக வாதாடியவர்கள் ஹென்றி கிளேயும் டேனியல் வெப்ஸ்டரும், அன்றைய அரசியலின் இரண்டு பெரிய தலைகள். தடையை நடைமுறைப்படுத்தத் தனிச் சட்டம் இயற்றவில்லை என்று காரணம் காட்டி, 1841-இல் நோட்டுகள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

காப்பீடும் இருந்ததா?

இருந்தது. இன்றைய நியூயார்க் லைஃப் நிறுவனம் 1840-களில் நாட்டிலஸ் என்ற பெயரில் இருந்தபோது அடிமைகளின் உயிர் பேரில் 508 பாலிசிகள் விற்றது. இழப்பீடு முதலாளிக்கு. சுரங்கத்துக்கும் நீராவிப் படகுக்கும் ஆட்களை வாடகைக்கு விட்டவர்கள் விரும்பி எடுத்தார்கள்.

கடல் காப்பீட்டில் பெரிய வழக்கு கிரியோல் கப்பல். 1841-இல் வர்ஜீனியாவிலிருந்து 135 பேரோடு நியூ ஆர்லியன்ஸுக்குப் போன கப்பலை, மேடிசன் வாஷிங்டன் தலைமையில் 19 பேர் கைப்பற்றி, பிரிட்டிஷாரிடம் இருந்த பஹாமாஸின் நாசாவுக்குத் திருப்பினார்கள். அங்கே இறங்கியவர்களில் பெரும்பாலோருக்கு விடுதலை கிடைத்தது. முதலாளிகள் காப்பீட்டு நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். நிறுவனங்களின் வக்கீல்களில் ஒருவர் ஜூடா பெஞ்சமின், பின்னாளில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பு அரசில் அமைச்சர். மனிதன் கிளர்ச்சி செய்யும் இயல்புடையவன், அடிமைத்தனம் இயற்கைக்கு மாறானது என்று அவர் வாதாடினார். கட்சிக்காரருக்குப் பணம் மிச்சமாகுமென்றால் அந்த உண்மையைத் தென்னாட்டு நீதிமன்றத்திலேயே சொல்லலாம் போலிருக்கிறது. நிறுவனங்கள் ஜெயித்தன.

அடிமை வியாபாரிகளைத் தென்னாட்டுக் கனவான்களே ஒதுக்கி வைத்தார்கள் என்கிறார்களே?

மேடையில் அப்படிப் பேசினார்கள். ஃபிராங்க்ளின் 1830-களில் தொழிலிலிருந்து ஒதுங்கி, டென்னசியில் மாளிகையும் லூசியானாவில் தோட்டங்களுமாகப் பெரிய மனிதராகத்தான் 1846-இல் செத்தார். அவருடைய தோட்டங்களில் ஒன்றான அங்கோலாவில்தான் இன்று லூசியானா மாநிலச் சிறைச்சாலை இருக்கிறது. மெம்ஃபிஸின் பெரிய அடிமை வியாபாரியான நேதன் பெட்ஃபோர்டு ஃபாரஸ்ட், 1858-இல் அந்த ஊருக்கே நகர்மன்ற உறுப்பினர்.

தவிர, கனவான்களும் துறவிகளும் இல்லாமல் இந்தச் சந்தை இல்லை. மேரிலாந்தின் இயேசு சபைத் துறவிகள் 1838-இல் 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானாவுக்கு விற்றார்கள். முன்பணம் 25,000, மீதி பத்து ஆண்டுத் தவணை. முன்பணத்தில் 17,000 டாலர் ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது.

1859 மார்ச்சில் சவானாவின் குதிரைப் பந்தய மைதானத்தில் பியர்ஸ் பட்லர் என்பவர் தன் கடனுக்காக நானூற்றுக்கும் அதிகமானோரை இரண்டு நாளில் ஏலம் விட்டார். வசூல் 3,03,850 டாலர். விற்கப்பட்ட ஒவ்வொருவர் கையிலும் பட்லர் புத்தம்புதிய கால் டாலர் நாணயங்களாக ஒரு டாலர் கொடுத்தாராம். அந்த ஏலத்தில் ஜெஃப்ரி என்ற இளைஞன், தான் காதலித்த டோர்கஸையும் வாங்கிக்கொள்ளும்படி புது முதலாளியைக் கெஞ்சினான். அவரும் சம்மதித்தார். ஆனால் டோர்கஸை நான்கு பேர் கொண்ட குடும்பமாகச் சேர்த்துத்தான் ஏலம் விட்டார்கள். ஒருத்திக்காக நான்கு பேரை வாங்க அவர் தயாராக இல்லை.

மொத்தத்தில் எவ்வளவு பணம்?

1860-இல் அடிமைகளாக இருந்தவர்கள் 39,53,760 பேர். சந்தை விலையில் அவர்கள் மதிப்பு 300 கோடி டாலருக்கும் மேல். அன்றைய அமெரிக்காவின் ரயில்பாதைகளையும் ஆலைகளையும் கூட்டினாலும் அந்தத் தொகை வராது.

உள்நாட்டுப் போருக்குப் பின் பாக்கித் தவணைகள் என்ன ஆயின?

முதலாளிகளுக்கு இழப்பீடு கிடையாது என்று அரசியல் சாசனத்தின் 14-ஆம் திருத்தம் அடித்துச் சொன்னது. தலைநகர் வாஷிங்டன் மட்டும் விதிவிலக்கு. 1862-இல் அங்கே அடிமைமுறையை ஒழித்தபோது முதலாளிகளுக்கு ஆளொன்றுக்குச் சராசரியாக 300 டாலர் வரை தந்தார்கள். யாருக்கு என்ன மதிப்பு என்று கணக்கிட, பால்டிமோரிலிருந்து ஓர் அடிமை வியாபாரியையே வரவழைத்தார்கள். தொழில் தெரிந்தவர் அல்லவா!

தனியார் கடன்கள் வேறு கதை. அர்கன்சாவில் 1861 மார்ச்சில் ஆல்பர்ட் என்ற 23 வயது இளைஞரை 1,300 டாலருக்கு நிக்கல்சன் என்பவரிடம் விற்றிருந்தார்கள். அதற்கான நோட்டு அந்த டிசம்பரில் கெடு. வாங்கியவர் கட்டவில்லை. போர் வந்தது, ஆல்பர்ட் சுதந்திர மனிதரானார். அடிமை விற்பனைக் கடன்கள் செல்லாது என்று அர்கன்சா 1868-இல் தன் சாசனத்திலேயே எழுதியது. 'ஆயுள் முழுவதும் அடிமை' என்ற உத்தரவாதமும் பொய்த்துவிட்டதே என்று வாங்கியவர் தரப்பு வாதாடியது. 1870-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. ஒப்பந்தம் எழுதிய அன்று செல்லுபடியானது, பிறகு வந்த இழப்பு வாங்கியவரின் பொறுப்பு, எனவே அசலும் வட்டியும் கட்ட வேண்டும். தலைமை நீதிபதி சால்மன் சேஸ் இதை ஏற்க மறுத்து மாறுபட்டு நின்றார். தீர்ப்பு மாறவில்லை. விற்றவருக்குப் பணம் வசூலிக்கும் உரிமை நிலைத்தது. வழக்கில் ஆல்பர்ட் ஒரு கட்சியே இல்லை.